பதவி உயர்ந்தது, மனிதன் உயர்ந்தானா?

சில மாதங்களுக்கு முன், ஒரு சனிக்கிழமை மாலை, ஒரு தாயும் மகனும் அறைவீட்டுக்கு வந்தார்கள். தாயின் கையில் ஒரு கேக் பெட்டி. "சுவாமி, பொடியனுக்குப் புறமோசன் கிடைச்சிருக்கு. நாளைக்கு நன்றிப் பூசைக்குச் சொல்ல வந்தனாங்கள்" என்றார். முகமெல்லாம் மகிழ்ச்சி. மகனுக்கு வயது இருபத்தாறு இருக்கும். ஓர் ஆடைத் தொழிற்சாலையில் ஐந்து வருடம் தையல் இயந்திரத்தில் இருந்து வேலை செய்தவன். இப்பொழுது ஒரு வரிசைக்கு மேற்பார்வையாளன். அவனுக்குக் கீழே இருபத்தைந்து பேர்.

தாய் மாதா கெபியில் மெழுகுதிரி ஏற்றப் போனார். மகன் போகவில்லை. கதிரையின் நுனியில் இருந்தபடி சொல்லத் தொடங்கினான்.

"சுவாமி, நேற்று வரைக்கும் தம்பி எண்டு கூப்பிட்டவை இப்ப சேர் எண்டு சொல்லுகினம். நான் கிட்டப் போனால் கதை நிண்டு போகுது. மத்தியானம் சாப்பிடேக்கை ஒருத்தரும் எனக்குப் பக்கத்தில இருக்கினமில்லை."

இது எதிர்பார்க்கக் கூடியதே என்று நான் நினைத்தேன். ஆனால் அவன் கதை அத்தோடு முடியவில்லை. பதவி கொடுத்ததும் அவனை இரண்டு நாட் பயிற்சிக்கு அனுப்பியிருக்கிறார்கள். தொழிலாளருக்கு வேலையில் ஈடுபாடு உண்டாக்குவது எப்படி என்பதே பயிற்சியின் பொருள். திரும்பி வரும்போது ஒரு கட்டுப் படிவங்களைக் கையிற் கொடுத்திருக்கிறார்கள். "உமது வேலையை நீர் நேசிக்கிறீரா? உமது மேலதிகாரி உமக்குச் செவிகொடுக்கிறாரா?" என்று கேள்விகள். இருபத்தைந்து பேரும் எல்லாக் கேள்விக்கும் "மிக நன்று" என்று அடையாளமிட்டுக் கொடுத்துவிட்டார்கள். "ஒருத்தரும் உண்மை எழுதேல்லை, சுவாமி. எனக்குத் தெரியும். போன வருசம் நானும் அப்பிடித்தான் எழுதினனான்" என்றான்.

இதற்கு மேலும் ஒன்று இருந்தது. அந்த மாத முடிவுக்குள், வரிசையில் வேகம் குறைந்த இருவரின் பெயரை எழுதிக் கொடுக்கும்படி அவனுக்குக் கட்டளை. அந்த இருவருள் ஒருவர், அவன் புதிதாகச் சேர்ந்த நாளில் பக்கத்தில் இருத்தி இயந்திரம் பழக்கிய ஒரு பெண்மணி. "அக்காவின்ர பேரை நான் எப்பிடி எழுதுறது? எழுதாமல் விட்டால் நான் என்ன சுப்பவைசர்?"

அவனுக்கு அன்று என்னால் விடை சொல்ல முடியவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பினேன். யோசித்தவற்றில் சிலவற்றை வாசகர்களோடும் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். ஏனெனில் அந்தக் கேள்வி அவன் ஒருவனுடையதன்று. வங்கியில், வைத்தியசாலையில், பாடசாலையில், கச்சேரியில், கடையில், யாரோ ஒருவருக்கு மேலேயும் யாரோ ஒருவருக்குக் கீழேயும் வேலை செய்கின்ற எல்லாருடைய கேள்வியும் அதுவே.

வளர்ச்சி என்பது என்ன?

"கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்" என்று எம் முன்னோர் சொன்னார்கள். அச்சொல்லைக் கேட்டு இன்று நாம் சிரிக்கிறோம். ஆனால் எங்கள் வீடுகளிற் கலியாணப் பேச்சு வரும்போது கேட்கப்படும் முதற் கேள்வி இன்னும் அதுதான். பொடியன் என்ன வேலை? என்ன பதவி? நிரந்தரமா? அவன் அந்த வேலையில் என்ன செய்கிறான், யாருக்கு அதனாற் பயன், அவனோடு வேலை செய்பவர்கள் அவனைப்பற்றி என்ன சொல்கிறார்கள் என்று கேட்பவர் மிகச் சிலர்.

இந்த ஆசையைக் கேலி செய்ய நான் வரவில்லை. போரிலும் இடப்பெயர்விலும் வீடு வளவை இழந்த குடும்பத்துக்கு மாதச் சம்பளம் என்பது இன்னொரு கூரை. பிள்ளை ஒரு படி மேலே போனாற் பின்னால் வரும் தங்கைக்கும் வழி பிறக்கும். அந்தத் தாயின் கேக்கை நான் மகிழ்ச்சியோடுதான் வாங்கினேன். கேட்க வேண்டியது வேறு. ஒருவன் பதவியில் ஏறினான் என்றால் அவன் வளர்ந்துவிட்டான் என்று பொருளாகுமா?

ஏணியில் ஏறுகிறவனுடைய உயரம் கூடுவதில்லை. அவன் நிற்கின்ற இடம் மாத்திரமே உயர்கின்றது. ஏணியை எடுத்துவிட்டால் அவனுடைய பழைய உயரந்தான் மிஞ்சும். ஓய்வு பெற்ற பல உத்தியோகத்தர்களை நான் அறிவேன். சிலர் ஓய்வு பெற்ற மறுநாளே ஊரில் இல்லாதவர் போல் ஆகிவிடுகிறார்கள். வேறு சிலரிடம், பத்து வருடம் கழிந்த பின்னும், பழைய இலிகிதர் ஒருவர் சைக்கிளில் வந்து ஒரு கடிதத்துக்கு ஆலோசனை கேட்டுப் போகிறார். முன்னவருக்குப் பதவி இருந்தது. பின்னவர் பதவியில் இருந்த காலத்தில் வளர்ந்திருக்கிறார்.

குருமடத்தில் மெய்யியல் படித்த நாட்களில், அர்ச்சிஷ்ட தோமஸ் அக்குவினாஸ் காட்டிய ஒரு வேறுபாட்டை எமக்குக் கற்பித்தார்கள். ஒரு பொருளை ஆக்கும் செயல் அந்தப் பொருளைச் செம்மைப்படுத்துகின்றது. நன்றாகச் செய்யப்படும் மனிதச் செயலோ செய்பவனையே செம்மைப்படுத்துகின்றது. தச்சன் கதவு செய்தாற் கதவு ஒன்று உண்டாகின்றது. அதே வேளையில், அவசரப்படாத கையும், ஏமாற்றாத மனமும் உள்ள ஒரு தச்சனும் உண்டாகின்றான். அல்லது, ஆணியடித்த ஓட்டையை மெழுகால் மூடி விற்கப் பழகிய தச்சன் உண்டாகின்றான். கதவை வாங்கியவன் எடுத்துச் செல்வான். இரண்டாவதாக உண்டானது தச்சனோடு வீட்டுக்குப் போகும்.

பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1981ஆம் ஆண்டில் மனித உழைப்பைப்பற்றி வெளியிட்ட சுற்றுமடலின் நடுக்கருத்தும் இதற்கு அண்மையில் உள்ளதே. வேலையின் பெருமை அது எந்த வகையான வேலை என்பதில் இல்லை; அதைச் செய்பவன் மனிதன் என்பதில் இருக்கின்றது. வேலைக்காக மனிதன் அல்லன், மனிதனுக்காகவே வேலை என்பது அதன் சாரம். இதை எழுதியவர், ஜேர்மனியர் போலந்தைப் பிடித்திருந்த காலத்திற் கற்சுரங்கத்திலும் இரசாயனத் தொழிற்சாலையிலும் கூலிக்கு உழைத்தவர். சுமை தூக்கிய தோளோடு பேசினார்.

எனவே வளர்ச்சிக்கு ஒரு சிறு சோதனை வைக்கலாம். இந்தப் பதவியை நாளை எடுத்துவிட்டால் என்னிடம் என்ன மிஞ்சும்? தொழிலறிவு, நிதானம், சொன்ன சொல் தவறாமை, மற்றவனுக்குக் கற்றுக்கொடுக்கும் பொறுமை இவை மிஞ்சுமானால் வளர்ந்திருக்கிறேன். இறுகிய முகமும் உரத்த குரலுமே மிஞ்சுமானால் ஏறியிருக்கிறேன், அவ்வளவே.

சம்பளம் எதை வாங்கும்?

இனி, அந்தப் படிவக் கட்டுக்கு வருவோம். தொழிலாளரின் ஈடுபாடு என்பது இக்காலத்து முகாமையாளர்களின் வாயில் அடிக்கடி வருகின்ற சொல். அதை அளக்கிறார்கள், சென்ற ஆண்டைவிடக் கூடியதா குறைந்ததா என்று கணக்குப் பார்க்கிறார்கள். ஆனால் அந்தச் சொல்லை ஆய்வுலகில் முதலில் நிலைநிறுத்தியவர்களுள் ஒருவரான அமெரிக்கப் பேராசிரியர் வில்லியம் கான், 1990இல் எழுதிய கட்டுரையில், வேறொரு கேள்வியைத்தான் கேட்டார். மனிதர் சில வேளைகளில் தம்மை முழுமையாக வேலைக்குள் கொண்டு வருகிறார்கள். சில வேளைகளிற் கையை மட்டும் வேலையில் விட்டுவிட்டுத் தம்மைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறார்கள். இது ஏன்? அவர் கண்ட நிபந்தனைகள் மூன்று. செய்யும் வேலைக்கு ஓர் அர்த்தம் இருக்க வேண்டும். உள்ளதைச் சொன்னால் தீங்கு வராது என்ற பாதுகாப்பு இருக்க வேண்டும். வேலைக்குக் கொடுப்பதற்கு உடலிலும் உள்ளத்திலும் தெம்பு மிஞ்சியிருக்க வேண்டும்.

அந்தத் தையல் வரிசையை இந்த மூன்றோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். சட்டையின் ஒரு கையை மாத்திரம் நாள் முழுவதும் தைக்கின்ற பெண்ணுக்கு முழுச் சட்டையையும் காணக் கிடைப்பதில்லை. உண்மையை எழுதினாற் பெயர் குறிக்கப்படும் என்ற பயம். விடியற்காலை எழுந்து, சமைத்து வைத்து, பஸ்ஸில் நின்றபடி வந்தவளுக்கு மாலையில் மிஞ்சும் தெம்பு எவ்வளவு? மூன்றும் இல்லாத இடத்தில் "உமது வேலையை நீர் நேசிக்கிறீரா?" என்று கேட்டால், அவள் "மிக நன்று" என்று எழுதுவதைத் தவிர வேறென்ன செய்வாள்? அவள் எழுதியது பொய் என்றால், அந்தப் பொய்யைக் கேட்டு வாங்கியது யார்?

ஓர் அடிப்படையை இங்கே தெளிவாகச் சொல்ல வேண்டும். சம்பளம் ஒரு மனிதனுடைய நேரத்தையும் திறமையையும் வாங்கலாம். நேர்மையாக வேலை செய்வேன் என்ற வாக்கையும் அதனோடு சேர்த்து வாங்கலாம். அதற்கு மேலே அவனுடைய நேசத்தை வாங்க முடியாது. நேசம் விற்கப்படும் பொருளன்று. எட்டு மணி நேர உழைப்புக்குக் கூலி கொடுத்துவிட்டு, இதயத்தையும் சேர்த்துத் தா என்று கேட்பது, விலை கொடாத பொருளைக் கேட்பதாகும். சிரித்த முகத்தோடு கேட்டாலும் அது அப்படித்தான்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதைச் சொல்லாவிட்டால் நான் நேர்மையற்றவன் ஆவேன். நேசம் கொடுக்கக் கடமையில்லை என்பதால், உழைப்புக் கொடுக்கவும் கடமையில்லை என்றாகிவிடாது. பத்து மணிக்கு வந்து, வரவுப் புத்தகத்திற் கையெழுத்து வைத்து, தேநீர் குடிக்கப் போகிற உத்தியோகத்தரை நாம் அறிவோம். தூரத்து ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த வயோதிபரிடம் "ஐயா இண்டைக்கு இல்லை, நாளைக்கு வாங்கோ" என்ற சொல்லை நாம் எல்லாரும் கேட்டிருக்கிறோம். சிலர் சொல்லியும் இருக்கிறோம். அந்த வயோதிபரின் ஒரு நாட் கூலியையும் பஸ் காசையும் திருடியவர் முதலாளியல்லர். வேலையில் ஈடுபாடின்மைக்கு எப்பொழுதும் மேலே உள்ளவரே காரணம் என்று சொல்வது, கீழே உள்ளவரைப் பொறுப்பில்லாத குழந்தையாக்குவது. அதுவும் ஓர் அவமதிப்பே.

அப்படியானால் விலைக்கும் வாங்க முடியாத, கட்டளையிட்டும் பெற முடியாத இந்த ஈடுபாடு எங்கிருந்துதான் பிறக்கின்றது? இக்கேள்வியைப் பல ஆண்டுகளாக வாழ்ந்து பார்த்த ஓர் ஊர் உண்டு. அந்த ஊரின் கதையைச் சற்று விரிவாகவே சொல்லலாம்.

பதவியுயர்வு பெறாத ஒரு குருவானவர்

ஸ்பெயின் தேசத்தின் வடக்கே, பாஸ்க் மக்கள் வாழும் மலைநாட்டில், மொந்திராகோன் என்பது ஒரு சிறு தொழில் நகரம். 1936 முதல் 1939 வரை நடந்த உள்நாட்டுப் போர் அந்த மக்களை நொறுக்கிவிட்டிருந்தது. வறுமை, வேலையின்மை, வென்றவர் தோற்றவர் என்ற பகை. 1941ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்த ஊருக்கு இருபத்தைந்து வயதுள்ள உதவிக் குருவானவர் ஒருவர் வந்து சேர்ந்தார். பெயர் ஹோசே மரியா அரிஸ்மெந்தியாரியேத்தா. சிறு வயதில் நேர்ந்த விபத்தில் ஒரு கண்ணை இழந்தவர். போர்க்காலத்திற் பாஸ்க் மொழிப் பத்திரிகையில் எழுதியதால் சிறை கண்டவர். பிரசங்கத்திற் பெரிய சாமர்த்தியசாலி என்று பெயரெடுத்தவருமல்லர்.

அவர் முதலிற் செய்தது ஒரு தொழிற் பாடசாலையைத் தொடங்கியது. ஊரிலிருந்த பெரிய தொழிற்சாலையின் பயிற்சிப் பாடசாலையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இடமில்லை. எனவே தெருமுனைகளிற் பெட்டிகள் வைத்து ஊராரிடம் ஆதரவு கேட்டார். 1943இல் ஏறத்தாழ இருபது பையன்களோடு பாடசாலை ஆரம்பமாயிற்று. படித்து வெளியேறியவர்களுள் சிலர், பகலில் வேலை செய்துகொண்டே, சரகோசா நகரத்துப் பல்கலைக்கழகத்தின் பரீட்சைகளுக்குத் தோற்றிப் பொறியியற் தகைமை பெறவும் வழி செய்தார்.

அந்த இளைஞர்கள் பெரிய தொழிற்சாலையில் வேலை பெற்றார்கள். அங்கே அவர்களுக்கு முன்னேற்றமும் கிடைத்தது. வேறெந்தத் தகப்பனும் அத்தோடு திருப்திப்பட்டிருப்பார். ஆனால் அவர்கள், தொழிலாளருக்கும் நிறுவனத்திற் பங்கு வேண்டும் என்று கேட்டார்கள். அது மறுக்கப்பட்டது. அவர்களுள் ஐவர் நல்ல வேலையை விட்டுவிட்டு, ஊராரிடம் பணம் திரட்டி, 1956இல் மொந்திராகோனில் எண்ணெய் அடுப்புச் செய்யும் சிறு தொழிற்சாலை ஒன்றைத் திறந்தார்கள். ஐவருடைய பெயர்களின் எழுத்துக்களைச் சேர்த்து அதற்கு உல்கோர் என்று பெயரிட்டார்கள்.

அதன் ஒழுங்குகள் எளிமையானவை. அங்கத்தவராக வேலை செய்பவர் ஒவ்வொருவரும் ஒரு தொகையை முதலாக இட வேண்டும். இல்லாதவருக்கு அது சம்பளத்திலிருந்து சிறிது சிறிதாகக் கழிக்கப்படும். பொதுச்சபையில் முகாமையாளருக்கும் ஒரு வாக்கு, துடைப்பம் பிடிப்பவருக்கும் ஒரு வாக்கு. பொதுச்சபை நிர்வாக சபையைத் தெரிவு செய்யும். அது முகாமையாளரை நியமிக்கும். ஆக உயர்ந்த சம்பளம், ஆகக் குறைந்த சம்பளத்தின் மூன்று மடங்கை மிஞ்சக் கூடாது என்று தொடக்கத்தில் விதித்தார்கள். பிற்காலத்தில் அந்த அளவு கூட்டப்பட்டது என்றாலும், வெளி உலகத்துக் கம்பனிகளோடு ஒப்பிட்டால் அது இன்றும் சிறியதே. 1959இல் அவர்களுக்கெனச் சேமிப்பு வங்கி ஒன்றும் எழுந்தது. இன்று அந்தக் கூட்டுறவுக் குழுமத்தில் ஏறத்தாழ 70,000 பேர் வேலை செய்கிறார்கள்.

இதில் எனக்கு வியப்பூட்டுவது அந்த எழுபதாயிரம் அல்ல. இந்தக் குருவானவர் அந்த நிறுவனங்கள் எதிலும் பதவி வகிக்கவில்லை. ஆலோசனை சொன்னார், பாடசாலையிற் படிப்பித்தார், சைக்கிளில் ஊரைச் சுற்றினார். 1941இல் உதவிக் குருவாக வந்தவர், 1976 நவம்பரில் இறக்கும்போதும் அதே ஊரில் உதவிக் குருதான். முப்பத்தைந்து வருடத்தில் அவருக்குப் பங்குக்குரு என்ற அடுத்த படிகூடக் கிடைக்கவில்லை. 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தார். உத்தியோக வளர்ச்சி என்ற சொல்லை அவருடைய வாழ்வுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அது எவ்வளவு சிறிய சொல் என்று விளங்கும்.

பங்காளிகளுக்குள் வந்த பிணக்கு

நிற்க. மொந்திராகோனைத் தேவலோகமாக்கிக் காட்டினால் அது உண்மைக்கு மாறாகும். எங்கள் சிந்தனைக்கு மிகவும் உதவுவது அவர்கள் இடறிய இடமே.

எழுபதுகளின் தொடக்கத்தில் உல்கோர் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் வேலை செய்யும் பெரிய ஆலையாகிவிட்டது. ஒவ்வொரு வேலைக்கும் எந்தத் தரம், எந்தத் தரத்துக்கு எவ்வளவு சம்பளம் என்று புதிய மதிப்பீடு ஒன்று செய்யப்பட்டது. தங்கள் வேலை குறைவாக மதிக்கப்பட்டது என்று பலர் குமுறினார்கள். 1974இல் நூற்றுக்கணக்கானோர் வேலைநிறுத்தம் செய்தார்கள். தாங்களே சொந்தக்காரராக உள்ள தொழிற்சாலைக்கு எதிராகத் தாங்களே வேலைநிறுத்தம்! முன்னின்ற பதினேழு பேர் வெளியேற்றப்பட்டார்கள். அந்தத் தீர்ப்பைப் பொதுச்சபையும் வாக்களித்து உறுதி செய்தது. சில ஆண்டுகள் கழிந்த பின்னரே, மீண்டும் ஒரு வாக்கெடுப்பின் மூலம், அவர்களைத் திரும்ப ஏற்றுக்கொண்டார்கள். ஊருக்குள் அந்தக் காயம் ஆற வெகு காலம் சென்றது.

இதிலிருந்து கற்க வேண்டியவை இரண்டு. பங்கும் வாக்கும் கையில் இருந்தாலும், "என் வேலையின் மதிப்பு என்ன?" என்ற கேள்வி மனிதனை விட்டு நீங்குவதில்லை. அது பணக் கேள்வி போலத் தோன்றும்; உண்மையில் அது மானக் கேள்வி. இரண்டாவது, ஆட்கள் பெருகும்போது தலைவனுடைய காது தூரமாகிவிடும். அவர்களே பின்னர் இதை உணர்ந்து, கூட்டுறவு நிறுவனங்களை அளவுக்கு மிஞ்சிப் பெருக்க விடாமற் பிரித்து நடத்துவது நல்லது என்ற முடிவுக்கு வந்தார்கள்.

இன்னுமொரு வீழ்ச்சி 2013இல் வந்தது. உல்கோரின் வழிவந்த வீட்டு மின்சாதனக் கூட்டுறவு, கடன் மிஞ்சி முறிந்து போயிற்று. அங்கத்தவர்கள் இட்டிருந்த முதல் போயிற்று. ஆனாலும் அங்கத்தவர்களுட் பெரும்பாலோரைத் தெருவில் விடாமல், குழுமத்தின் மற்றக் கூட்டுறவுகள் தங்கள் வேலைத்தலங்களில் எடுத்துக்கொண்டன. அதே வேளையில், வெளிநாடுகளில் அவர்கள் நடத்திய ஆலைகளில் வேலை செய்தவர்கள் அங்கத்தவர்களாக இருக்கவில்லை. அந்தப் பாதுகாப்பு அவர்களுக்கு இருக்கவில்லை. தம் மக்களுக்குப் பங்காளியாக இருந்தவர்கள், பிற தேசத்தாருக்கு வெறும் முதலாளியாக இருந்தார்கள். நல்லவர்களுக்கும் குருட்டுப் பக்கம் உண்டு.

இவ்வளவுக்கும் பின், ஈடுபாடு எங்கிருந்து பிறக்கின்றது என்ற கேள்விக்கு என் விடை இது: அது பொறுப்பிலிருந்து பிறக்கின்றது. ஒருவனுடைய சொல்லுக்கு ஒரு விளைவு உண்டு என்றால், அவன் பேசுவான். அவனுடைய தவறு அவனுக்கே காட்டப்பட்டுத் திருத்த இடம் கொடுக்கப்பட்டால், அவன் திருந்துவான். எதையும் தீர்மானிக்க விடாமல் வைத்துவிட்டு, "உனக்கு அக்கறை இல்லை" என்று குறை சொல்வது, கதவைப் பூட்டி வைத்துவிட்டு ஏன் உள்ளே வரவில்லை என்று கேட்பது போன்றது. இக்கருத்து எமக்குப் புதிதுமன்று. எங்கள் கரையோரப் பங்குகளிற் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் உண்டு. கணக்கு ஒழுங்காக வாசிக்கப்படும் சங்கத்திற் கூட்டத்துக்கு ஆள் வருகிறது. கணக்கு மறைக்கப்படும் சங்கத்தில் அங்கத்துவப் புத்தகம் மட்டும் இருக்கிறது.

தலைவனை எதனால் அளப்பது?

ஆனால் அந்த இளைஞன் தொழிற்சாலையைக் கூட்டுறவாக மாற்ற முடியாது. அவன் நடுவில் நிற்பவன். மேலே முகாமையாளர், கீழே இருபத்தைந்து பேர். மேலே உள்ளவர்களின் கடமை பெரியது. அதை அவர்கள் அவன் தலையிற் போட்டுத் தப்ப முடியாது. என்றாலும் நடுவில் நிற்பவனுக்கும் தன் கை எட்டும் அளவுக்கு ஒரு பொறுப்பு உண்டு. அவன் தன்னையே கேட்கக் கூடிய மூன்று கேள்விகளை நினைத்துப் பார்த்தேன்.

முதலாவது, கெட்ட செய்தியை என்னிடம் பயமின்றிச் சொல்ல எத்தனை பேர் இருக்கிறார்கள்? ஒருவரும் இல்லையென்றால், நான் தலைவன் அல்லன், தடை. இயந்திரம் பிழைத்ததையும் துணி வீணானதையும் கடைசியாக அறிபவன் நானாகவே இருப்பேன்.

இரண்டாவது, என்னிடம் வந்தபோது தெரியாதிருந்த எதை, என்னிடமிருந்து போகும்போது அவர்கள் கற்றுக்கொண்டு போகிறார்கள்? தொழில் இரகசியத்தை மறைத்து வைத்து, "நான் இல்லாவிட்டால் இங்கே ஒன்றும் நடக்காது" என்று பெருமைப்படும் அதிகாரிகள் உண்டு. அது அவருடைய திறமைக்குச் சான்றன்று. அவர் ஒருவரையும் வளர்க்கவில்லை என்பதற்கே சான்று.

மூன்றாவது, ஒருவரைப்பற்றி நான் மேலிடத்துக்கு எழுதுவதை முதலில் அவருடைய முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேனா? பின்னால் எழுதும் பேனா கூர்மையாக இருக்கும். முன்னால் சொல்லும் வாய் கவனமாக இருக்கும். அதிகாரம் உள்ளவனுக்குக் கவனமே தேவை.

சீடருடைய பாதங்களைக் கழுவியவரின் நிகழ்ச்சியைப் பெரிய வியாழனன்று ஆண்டுதோறும் பார்க்கிறோம். அன்று கழுவப்பட்ட பாதங்களுக்கு உரியவர்களை அவர் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அறிந்திருந்தார் என்பதை நாம் சில வேளை மறந்து விடுகிறோம். வேகம் குறைந்த இருவர் என்று அவர்களை அறிந்திருக்கவில்லை.

வீட்டிலே தொடங்குவோம்

பெற்றோரே, பதவியின் மேலுள்ள மயக்கம் தொழிற்சாலையிற் பிறப்பதில்லை. எங்கள் சாப்பாட்டு மேசையிற் பிறக்கின்றது. பிள்ளை பாடசாலையாற் திரும்பியதும், "எத்தனையாம் பிள்ளை?" என்று கேட்கிறோம். "இன்று யாருக்காவது கணக்குச் சொல்லிக் கொடுத்தாயா?" என்று கேட்டால் எப்படியிருக்கும்? வகுப்புத் தலைவனாகிய மகனிடம், "சத்தம் போட்டவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதினாயா?" என்று கேட்டு மகிழ்கிறோம். பெயர் எழுதுவதே தலைமை என்று அவன் அன்றே கற்றுக்கொள்கிறான். இருபது வருடம் கழித்து அவனிடம் இரண்டு பெயர்களைக் கேட்கும் நாள் வரும்.

வேலைக்குப் போகும் பிள்ளையிடம் சம்பளத்தைக் கேளுங்கள், தவறில்லை. அதனோடு, அங்கே துப்புரவு வேலை செய்யும் அம்மாவின் பெயர் என்ன என்றும் ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.

மூன்று கிழமை கழித்து அந்த இளைஞன் திரும்பவும் வந்தான். நான் எழுதி வைத்திருந்த கேள்விகளைச் சொல்ல முன், அவன் தானே ஒன்று செய்திருந்தான். பெயரை எழுத முன் அக்காவிடம் நேரே போய், "மேல உங்கட பேரைக் கேக்கினம்" என்று சொல்லியிருக்கிறான். அவர் முதலில் அழுதிருக்கிறார். பிறகு, ஒரு வருடமாகத் தன் கண் மங்கியிருப்பதையும், ஊசியின் காது தெரியாமற் தடவித் தடவித் தைப்பதையும், சொன்னால் நிறுத்தி விடுவார்கள் என்று பயந்து மறைத்ததையும் சொல்லியிருக்கிறார். அந்த வரிசையில் இருபத்தைந்து பேர் "பாதுகாப்பு மிக நன்று" என்று அடையாளமிட்ட படிவங்கள் அப்பொழுதும் அலுமாரியில் இருந்தன.

அவன் முகாமையாளரிடம் இரண்டு கிழமை தவணை கேட்டான். கிடைத்தது. அக்கா கண்ணாடி எடுத்தார், வேகம் திரும்பியது. மற்றவள் ஒரு சின்னப் பிள்ளை. அவளுக்கும் அவன் பக்கத்தில் இருந்து காட்டிக் கொடுத்தான். தவணைக்குள் அவளால் எட்ட முடியவில்லை. அவளுடைய பெயரை எழுதிக் கொடுத்தான். எழுத முன் அவளிடமும் சொன்னான். அவள் போய்விட்டாள்.

"நான் செய்தது சரியோ, சுவாமி?" என்று கேட்டான். சரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிழை என்று சொல்லவும் மனம் வரவில்லை. அந்தப் பிள்ளைக்கு வேறு வேலை தேட நாம் இருவரும் முயல்வோம் என்றேன். முயன்றுகொண்டிருக்கிறோம்.

புறப்படும்போது வாசற்படியில் நின்று சொன்னான்: "அக்கா இன்னும் சேர் எண்டுதான் கூப்பிடுறா. ஆனால் நேற்று மத்தியானம் எனக்குப் பக்கத்தில வந்து இருந்தவ. தன்ர பெட்டியில இருந்து ஒரு துண்டு மீன் பொரியல் எடுத்து என்ர சோத்தில வைச்சவ."

தாய் நன்றிப் பூசை சொன்ன அந்தப் பதவியுயர்வு, எனக்கு அன்றுதான் கிடைத்தது போல் இருந்தது.